கடலா, ஏரியா, கழிவுநீரா: சென்னையின் அடுத்த ஆயிரம் கோடி எங்கே போக வேண்டும்?

2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் இரண்டரை டிஎம்சி ஆகும் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). சென்னைக்கு அது எழுபது நாள் குடிநீர். மூன்றரை ஆண்டு கழித்து, 2019 ஜூனில், அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. வாழைமரம் கட்டி வரவேற்பு வேறு.

இந்த ஊரில் மழை குறைவு என்று சொல்ல முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் வருகிறது. அந்த மூன்று மாதத்திலும் நான்கைந்து பெருமழை நாட்கள்தான் ஆண்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு புயல் நெல்லூர்ப் பக்கம் திரும்பிவிட்டால் அடுத்த கோடை போச்சு. இங்கேயே வந்து நின்றுவிட்டால் வேளச்சேரியில் படகு. பருவநிலை மாறும்போது கொட்டும் மழை இன்னும் வலுவாகக் கொட்டும் என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எந்த ஆண்டு பொய்க்கும், எந்த ஆண்டு அழிக்கும் என்று எந்தக் கணினியும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. அது தெரியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் அடுத்த ஆயிரம் கோடியை எங்கே போடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வழக்கமாக இந்த விவாதம், ஆயிரம் லிட்டருக்கு எந்த வழியில் எவ்வளவு செலவு என்பதோடு முடிந்துவிடும். அது தேவையான கணக்குதான், ஆனால் போதாது. ஒவ்வொரு வழியிடமும் வேறு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மற்ற வழிகள் வறளும் அதே ஆண்டில் இதுவும் சேர்ந்து வறளுமா? முடிவெடுத்த நாளிலிருந்து குழாயில் தண்ணீர் வர எத்தனை ஆண்டு? நாம் பயந்த வறட்சி வராமல் நல்ல மழை பெய்துவிட்டால் போட்ட பணம் என்ன ஆகும்? இந்த மூன்றில் முதல் கேள்விதான் எனக்கு முக்கியம். தண்ணீர் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வழிகள் இருந்து, ஐந்தும் ஒரே கோடையில் காலியானால் ஐந்தும் சேர்ந்து ஒன்றுதான்.

ஏரி: நிரப்பவும் வேண்டும், காலியாகவும் வைக்க வேண்டும்

பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. 2020-ல் சேர்ந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757 மில்லியன் கன அடி, சுருக்கமாகச் சொன்னால் 11.75 டிஎம்சி. நாளுக்கு 100 கோடி லிட்டர், அதாவது 1,000 எம்எல்டி கொடுத்தால் நகரம் நாளொன்றுக்கு 35 மில்லியன் கன அடி குடிக்கிறது. எல்லா ஏரியும் தளும்ப நின்றால் 333 நாள் தாங்கும். காகிதத்தில். நிஜத்தில் இவை ஆழமில்லாத, பரந்து கிடக்கும் ஏரிகள். ஏப்ரல், மே வெயில் தன் பங்கைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும். அடியில் வண்டல் வேறு.

எப்படிப் பார்த்தாலும் ஒரு நல்ல மழைக்காலம் அடுத்த மழைக்காலம் வரை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு பருவம் பொய்த்தால் அதைச் சமாளிக்க முந்தைய ஆண்டின் மிச்சம் இருக்காது. 2018 வடகிழக்குப் பருவமழை சென்னையில் பாதிகூடப் பெய்யவில்லை. 2019 கோடையின் கதை அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

இங்கேதான் இன்னொரு சிக்கல். நவம்பர் கடைசி வாரம், செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் 22 அடி என்று வைத்துக்கொள்வோம். முழு மட்டம் 24. மேலே இருக்கும் அந்த இரண்டு அடியில் சுமார் 500 மில்லியன் கன அடி பிடிக்கும். அது நகரத்துக்கு 14 நாள் குடிநீர். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, ‘கனமழை முதல் மிகக் கனமழை’ என்று அறிவிப்பு. விநாடிக்கு 10,000 கன அடி வரத்து வந்தால் அந்த இரண்டு அடியும் நிரம்ப 14 மணி நேரம் போதும். பொறியாளர் இப்போது 19 கண் மதகைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா? திறந்த பிறகு மழை ஆந்திராவுக்குப் போய்விட்டால், மே மாதம் ‘குடிக்கிற தண்ணீரைக் கடலில் கொட்டினான்’ என்பார்கள். திறக்காமல் இருந்து நள்ளிரவில் ஒரேயடியாகத் திறக்க நேர்ந்தால் சைதாப்பேட்டையும் ஜாஃபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கும். 2015-க்குப் பிறகு மழைக்காலத்தில் ஓரிரு அடியைக் காலியாக வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. சரியான வழக்கம்தான். ஆனால் அதற்கு விலை உண்டு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாரக் குடிநீரை வெள்ளக் காப்பீட்டுக்காகக் கட்டுகிறோம்.

(2015 வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஒன்றே காரணம் என்று இன்றும் பேசுகிறார்கள். அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுப் படுகையில் மதகுக் கதவே இல்லாத எத்தனையோ ஏரிகள் கலங்கல் வழியே தாமாகவே வழிந்தன. அவற்றை எந்த அதிகாரியும் பூட்டி வைத்திருக்க முடியாது.)

ஆக, ‘ஏரி’ என்ற தலைப்பில் பணம் போடுவதாக இருந்தால் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பெரிய நீர்த்தேக்கங்களைத் தூர்வாரி ஆழப்படுத்துவது. இதைத் துண்டு துண்டாகச் செய்யலாம், ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம். மழை பெய்தால் கூடுதலாகப் பிடிக்கும். பெய்யாவிட்டால் குழி சும்மா கிடக்கும். மற்றது, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும் சிற்றேரிகளும் அவற்றை ஒன்றோடொன்று கோத்த வரத்துக் கால்வாய்களும். இவை வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும், நிலத்தடிக்கு நீரை இறக்கும். எனவே நல்ல மழை ஆண்டிலும் லாபம், மோசமான ஆண்டிலும் ஓரளவு லாபம். பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் இதே கணக்கில் சேரும். 2022-ல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது. பழைய பரப்பில் ஒரு சிறு பங்குதான் மிச்சம்.

ஆனால் வறட்சிக்கு ஏரியை மட்டும் நம்புவது, சம்பளமே இல்லாத மாதத்துக்கு அந்த மாதச் சம்பளத்திலிருந்தே சேமிப்பேன் என்பதைப் போன்றது. மழை பொய்த்த ஆண்டில் ஏரியின் கொள்ளளவு எவ்வளவு என்பது யாருக்கும் பயன்படாத தகவல். என் முதல் கேள்வியில் ஏரி தோற்கிறது. மூன்றாவதில் முழு மதிப்பெண் வாங்குகிறது.

அடுத்தவர் ஆற்றுத் தண்ணீர்

கிருஷ்ணா நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டிஎம்சி கொடுப்பதாக 1976-ல் பேச்சு, 1983-ல் ஆந்திராவோடு ஒப்பந்தம், 1996-ல் பூண்டிக்கு முதல் தண்ணீர். இருபது ஆண்டு. வழியில் ஆவியாவது போக எல்லையில் 12 டிஎம்சி தர வேண்டும். பல ஆண்டுகளில் அதில் பாதிகூட வந்து சேரவில்லை. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கால்வாயில் வரும் தண்ணீர், இரு பக்கமும் வயல்கள். ராயலசீமாவும் நெல்லூரும் காய்ந்து கிடக்கும் ஆண்டில் ஊத்துக்கோட்டை எல்லைக்கு எவ்வளவு வரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மேல்மடைக்காரர் பயிர் வாடும்போது கடைமடைக்காரரிடம் ஒப்பந்த நகல் மட்டுமே மிஞ்சும்.

வீராணம் வேறு மாதிரி. காட்டுமன்னார்கோவில் பக்கம் சோழர் காலத்து ஏரி. 1,465 மில்லியன் கன அடி. 2004-ல் புதிய வீராணம் திட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு 180 எம்எல்டி கொண்டுவந்தார்கள். இதற்கு வரும் நீர் மேட்டூர், கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியே வரும் காவிரி. அதாவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. சென்னை நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழை. இரண்டும் வேறு வேறு மழை, வேறு வேறு மாதம். 2018-ல் இதன் மதிப்பு தெரிந்தது. அந்த ஜூலையில் மேட்டூர் நிரம்பியது. அக்டோபருக்குப் பிறகு சென்னையில் போதிய மழை இல்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் காய்ந்து கிடந்தபோது வீராணம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் இதுவும் உத்தரவாதம் கிடையாது. 2016-ல் காவிரியிலும் தண்ணீர் இல்லை, வடகிழக்குப் பருவமழையும் தமிழகம் முழுக்க அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இரண்டு மழையும் சேர்ந்து பொய்க்கவே பொய்க்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதோடு, நகரம் எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் கடலூர் மாவட்டத்தில் ஒரு விவசாயி கணக்குக் கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இருக்கும் குழாயைப் பராமரிக்கலாம். புதிதாக இன்னொரு ஆற்றைத் தேடிப் போவது என் பட்டியலிலேயே இல்லை.

கடல்: வற்றாது, ஆனால் தூங்கினாலும் காசு கேட்கும்

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் 100 எம்எல்டி, நெம்மேலியில் 2013-ல் 100, அதே நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் 150. அடுத்து பேரூரில் 400 எம்எல்டி. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியில் 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். எல்லாம் முடிந்தால் 750 எம்எல்டி கடலிலிருந்து வரும். பேரூர் ஒன்றே ஆண்டு முழுக்க ஓடினால் 5 டிஎம்சி. செம்பரம்பாக்கத்தை விடப் பெரியது.

என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறெதிலும் இல்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வங்கக்கடல் அங்கேயே இருக்கும். 2019-ல் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் நாளுக்கு 830 எம்எல்டி கொடுத்துவந்ததை சுமார் 525-ஆகக் குறைத்தது. அந்த 525-ல் இரண்டு கடல்நீர் ஆலைகளின் 200-ஐயும் வீராணத்தின் 180-ஐயும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சத்தை விவசாயக் கிணறுகளும் சிக்கராயபுரம் கல்குவாரிகளும் கொடுத்தன. கடல்நீர் ஆலைகளே வேண்டாம் என்று சொல்லும் சூழலியல் நண்பர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து, ஆலை கட்டுவோர் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புள்ள நீரை மெல்லிய சவ்வு வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். எடுக்கும் நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் நல்ல நீராகிறது. மீதி கிட்டத்தட்ட இரட்டை உப்போடு கடலுக்கே திரும்புகிறது. ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம். பேரூர் முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு 12 முதல் 16 லட்சம் யூனிட். அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியில்தான் வருகிறது. மீஞ்சூர் ஆலை இருக்கும் அதே கரையில் வட சென்னை அனல்மின் நிலையம் நிற்பதை யாரும் திட்டமிட்டு வைத்த நையாண்டி என்று சொல்ல முடியாதுதான். புயல் நாட்களில் கடல் கலங்கினால் உற்பத்தியும் குறையும். நெம்மேலிப் பக்கத்து மீனவர்கள் கரை அரிப்பைப் பற்றியும் வெளியேற்றும் உப்புநீரைப் பற்றியும் பல ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள்.

கட்டும் செலவைப் பார்த்தால் நெம்மேலி இரண்டாம் ஆலை 1,516 கோடி, பேரூர் 4,276 கோடி. இரண்டிலும் ஒரு எம்எல்டிக்குச் சுமார் 10 கோடி. இது பெரிய தொகை என்பதைவிட, மொத்தமாக ஒரே தவணையில் போட வேண்டிய தொகை என்பதுதான் என் கவலை. பாதி ஆலை கட்டிவிட்டு, மழை எப்படி என்று பார்த்துக்கொண்டு மீதியைக் கட்டுவது எளிதல்ல.

இரண்டாவது கேள்வி: எத்தனை ஆண்டு? நெம்மேலி இரண்டாம் ஆலைக்கு அடிக்கல் 2019 ஜூனில், தண்ணீர்ப் பஞ்சத்தின் உச்சத்தில். திறந்தது 2024-ல். நடுவில் 2020, 2021 எல்லாம் நல்ல மழை. பஞ்சத்துக்கு மருந்தாக அறிவித்த ஆலை, அந்தப் பஞ்சம் முடிந்து நாலரை ஆண்டு கழித்துத்தான் வந்தது. அது தவறு என்று சொல்லவில்லை, அடுத்த பஞ்சத்துக்கு உதவும். ஆனால் பயத்தில் எடுத்த முடிவு, பயம் தீர்ந்த பிறகு வரும் என்பது இதன் சுபாவம்.

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. மெல்பர்ன் நகரம் பத்தாண்டு நீண்ட வறட்சியில் மிரண்டு, 2009-ல் வொந்தாகியில் ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரும் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டது. 2010-ல் மழை கொட்டி அணைகள் ஏறத் தொடங்கின. 2012 டிசம்பரில் ஆலை தயார். முதல் தண்ணீரை நகரம் வாங்கியது 2017-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சொட்டு வாங்காமலேயே ஆலைக்காரருக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. மக்கள் தண்ணீர்க் கட்டணத்தில் அதைக் கட்டினார்கள். சிட்னியிலும் அப்படியே: 2010-ல் திறப்பு, 2012-ல் நிறுத்தம், 2019-ல் மறுபடி வறட்சி வந்தபோது மறுபடி இயக்கம். இந்த இரண்டு ஆலைகளையும் வெட்டிச் செலவு என்று திட்டியவர்களே பின்னால் காய்ந்த ஆண்டுகளில் அவை இருப்பது நல்லது என்றார்கள். காப்பீட்டுக்கு எப்போதும் இந்த இரண்டு பெயரும் உண்டு.

சென்னையில் சிக்கல் நேரெதிர்த் திசையிலும் வரலாம். ஆலை இருக்கிறதே என்று நல்ல மழை ஆண்டிலும் முழு வேகத்தில் ஓட்டி, ஏரி நீரைவிடப் பல மடங்கு விலையில் நகரத்துக்குக் கொடுத்து, ஏரியைக் கவனிக்காமல் விட்டுவிடுவது. மீஞ்சூர் ஒப்பந்தத்தின் தொடக்க விலையே ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 48 ரூபாய். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லாத நகரம் இது. எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம் என்றால், 48 ரூபாய்த் தண்ணீரால் வாசல் தெளித்து, கார் கழுவுவதை யார் தடுப்பது?

கழிவுநீர்: கையில் இருப்பதை விட்டுவிட்டு

நகரத்துக்குள் வரும் தண்ணீரில் எண்பது சதவீதம் சாக்கடையாக வெளியே போகிறது என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் நாளொன்றுக்கு 700 எம்எல்டிக்கு மேல் சுத்திகரிக்கும் திறன் உண்டு. சுத்திகரித்த நீரில் பெரும்பகுதி கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் போய்க் கடலில் சேர்கிறது. பிறகு அந்தக் கடலிலிருந்து 35 கிராம் உப்போடு மறுபடி இழுத்து, மின்சாரம் செலவழித்துக் குடிநீராக்குகிறோம். சுத்திகரித்த சாக்கடை நீரில் உப்பு லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவில்தான். அதே சவ்வு, அதே ஆர்.ஓ., ஆனால் தேவைப்படும் அழுத்தம் மிகக் குறைவு. மின்சாரச் செலவு கடல்நீருக்கு ஆவதில் ஒரு பங்குதான்.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களிலேயே கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. குடிநீர் வெட்டு வந்தபோது அவற்றுக்கு வேறு வழியிருக்கவில்லை. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்எல்டி மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. ஒன்றின் நீர் மணலிப் பக்கம், மற்றதன் நீர் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு. கார் ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டர் மறுசுழற்சி நீரும் ஒரு லிட்டர் ஏரி நீரை வீட்டுக்கு விடுவிக்கிறது. இங்கே யாரும் எதையும் குடிக்க வேண்டியதில்லை, மூக்கைச் சுளிக்க வேண்டியதில்லை.

வறட்சியில் இதுவும் குறையுமா? குறையும். 2019-ல் குழாய் நீர் சுருங்கியபோது சாக்கடையும் சுருங்கியது. ஆனால் லாரித் தண்ணீரோ போர்த் தண்ணீரோ, மக்கள் பயன்படுத்தியது எல்லாம் கடைசியில் அதே சாக்கடையில்தான் வந்து சேரும். ஏரிபோல ஒரு சதவீதத்துக்கு இறங்காது. ஊரில் ஆள் இருக்கும்வரை ஓடும். ஊர் பெருகப் பெருக இதுவும் பெருகும். மற்ற எல்லா வழிகளிலும் நகரம் வளர்ந்தால் நெருக்கடி, இதில் மட்டும் வரத்து.

எதிர்ப்பக்கம் இரண்டு. தொழிற்சாலைகள் வாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஏரியில் கலந்து, ஏரி நீரோடு சேர்த்து மறுபடி சுத்திகரித்துக் குடிநீராக்க வேண்டும். நெசப்பாக்கத்தில் 10 எம்எல்டியை உயர்தரத்தில் சுத்திகரித்துப் போரூர் ஏரியில் விடுவதற்குத் தீட்டிய திட்டம் அந்த வகைதான். அங்கே மக்கள் மனம் குறுக்கே வரும். ஆஸ்திரேலியாவின் டுவும்பா நகரம் 2006-ல், கடும் வறட்சிக்கு நடுவிலேயே, வாக்கெடுப்பில் அறுபது சதவீதத்துக்கு மேல் ‘வேண்டாம்’ என்றது. சிங்கப்பூர் 2003-லிருந்து உயர்தரத்தில் சுத்திகரித்த கழிவுநீரான நியூவாட்டரைப் பெரும்பாலும் தொழிற்சாலைக்கும், காய்ந்த மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கத்துக்கும் விட்டு ஊரைப் பழக்கியது. நமீபியாவின் விண்ட்ஹூக் 1968-லிருந்து நேரடியாகவே குடிக்கிறது. ஆக, முடியாதது இல்லை. முறை தவறினால் ஒரே நாளில் கெட்டுவிடக்கூடியது.

அந்த முறை தவறுவது எப்படி என்று பார்க்க ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளுக்குப் போனால் போதும். பெரிய குடியிருப்புகளில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம். அந்த நீர் கழிப்பறை ஃபிளஷுக்குத் தனிக் குழாயில் வரும். நன்றாக நடத்தும் இடங்களில் வித்தியாசமே தெரியாது. மற்ற இடங்களில் காலையில் ஃபிளஷை அழுத்தியதும் இளமஞ்சளாக ஒரு தண்ணீர், கூடவே குளோரினும் அழுகலும் கலந்த வாடை. காற்றூதும் மோட்டாரை ‘கரன்ட் பில் ஏறுது’ என்று இரவில் அணைத்துவிடுகிறார்கள், உள்ளே கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் செத்துப்போகின்றன, மறுநாள் வாடை. அப்புறம் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ‘இந்தத் தண்ணியே வேண்டாம், லாரி வாங்கிக்கலாம்’ என்பார். கை தட்டுவார்கள். இந்த வாடையை முகர்ந்தவரிடம் நாளை போய், போரூர் ஏரியில் கலக்கிறோம், ஒன்றும் ஆகாது என்றால் நம்புவாரா? எனவே கழிவுநீர்த் திட்டத்தின் முதல் செலவு சவ்வில்லை. ஒவ்வொரு நாளும் நீரின் தரத்தை அளந்து, யாரும் பார்க்கும்படி வெளியிடும் ஆட்களும் ஆய்வகமும்தான்.

நிலத்தடி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையின் கிணறுகளை நகரத்துக்காக உறிஞ்சி உறிஞ்சி மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 1987-ல் நிலத்தடி நீர்ச் சட்டம், 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். இரண்டாவது உண்மையிலேயே பலன் தந்தது. பிறகு குழிகளைத் தூர்வாராமல் விட்டதில் பாதி வீடுகளில் அது சடங்காகிவிட்டது. நிலத்தடி நீரைத் தினசரி வரத்தாக நினைக்காமல், எல்லாம் கைவிட்ட கோடைக்கான கையிருப்பாக வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ‘இன்னும் இருநூறு அடி போடலாம்’ என்று போர்வெல் வண்டியைக் கூப்பிடும் ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டின் கையிருப்பைத்தான் எடுக்கிறது.

என் வரிசை

அடுத்த ஆயிரம் கோடி கழிவுநீர் மறுசுழற்சிக்கு. 90 எம்எல்டியை 300-க்கு உயர்த்துவது முதல் இலக்கு. 45, 45-ஆகக் கட்டிக்கொண்டே போகலாம். ஒரு கட்டத்தில் தேவை இல்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம், பெரிய இழப்பில்லை. வெளியே என்ன நடக்கும் என்று தெரியாதபோது சிறு சிறு படிகளாக ஏற முடிகிற வழிக்கு மதிப்பு அதிகம்.

கூடவே, அதைவிடச் சிறிய தொகையில், சிற்றேரிகளும் வரத்துக் கால்வாய்களும். இது நீர்த் திட்டமா வெள்ளத் திட்டமா என்று துறைகள் சண்டையிட்டுக்கொள்வதால்தான் பாதி நிற்கிறது. இரண்டுமே. செம்பரம்பாக்கத்தின் மேல் இரண்டு அடியைத் தைரியமாகக் காலி செய்ய முடிவதும், கையில் மழையைச் சாராத வேறு நீர் இருந்தால்தான். 14 நாள் குடிநீரை இழந்தாலும் ஈடுகட்டலாம் என்று தெரிந்த பொறியாளர் பகலிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக மதகைத் திறப்பார். கடல்நீர் ஆலைக்கும் அடையாற்றங்கரை வெள்ளத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை எந்தத் திட்ட அறிக்கையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாக நான் பார்க்கவில்லை.

பேரூரைக் கட்டி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த கடல்நீர் ஆலைக்கு டெண்டர் விடுவதை மறுசுழற்சி 300-ஐத் தொடும்வரை நிறுத்திவைக்கலாம். இருக்கும் ஆலைகளை எப்போது எவ்வளவு ஓட்டுவது என்பதற்கும் அன்றன்றைய அரசியல் பார்க்காமல் ஒரு விதி வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிவதால் இந்த ஊருக்குத் தண்ணீர்ப் புத்தாண்டு ஜனவரி 1. அன்றைய ஏரி இருப்பு 9 டிஎம்சிக்கு மேல் என்றால், வேறு வரத்தே இல்லாவிட்டாலும் செப்டம்பர் வரை ஓட்டலாம். ஆலைகளைச் சவ்வு கெடாத அளவுக்கு மட்டும் இயக்கினால் போதும். 5 டிஎம்சிக்குக் கீழ் என்றால் மே மூன்றாவது வாரத்தோடு கதை முடியும். அன்றே எல்லா ஆலையும் முழு வேகத்துக்குப் போக வேண்டும், மே வரை காத்திருக்கக் கூடாது. ஆவியாவதையும் வண்டலையும் சேர்த்தால் இந்த எல்லைகள் கொஞ்சம் நகரும். பொறியாளர்கள் திருத்தட்டும். இதற்கு ஏற்றபடி, ஆலை ஓடாத மாதத்துக்குக் குறைந்த நிலைக் கட்டணமும் ஓடும் மாதத்துக்கு லிட்டர் விலையும் எனப் பிரித்து ஒப்பந்தம் எழுத வேண்டும். மெல்பர்ன் கட்டிய பணத்துக்கு நாம் இலவசமாகப் படித்துக்கொள்ளக்கூடிய பாடம் அது.

இந்த வரிசையை மாற்றக்கூடியது ஒன்று உண்டு. சூரிய மின்சாரம் இன்னும் மலிந்து, வெயில் அடிக்கும் பகலில் மட்டும் ஆலையை ஓட்டி இரவில் நிறுத்துவது கட்டுப்படியாகுமானால், கடலுக்கு எதிரான என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். இன்றைய சவ்வுகள் அப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதை விரும்புவதில்லை. அது மாறினால் கணக்கைப் புதிதாகப் போடலாம்.

ஏரிகளின் இருப்பை மெட்ரோ வாட்டர் தினமும் தன் இணையதளத்தில் போடுகிறது. அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஜனவரி 1-க்கான இரண்டு எல்லைகளையும், எல்லையைத் தாண்டினால் எந்த ஆலை எவ்வளவு ஓடும் என்பதையும் போடுவதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, டெண்டரும் விட வேண்டியதில்லை. வரும் ஜனவரிக்கே போடலாம்.